நேர மாற்றமும் உடற்பயிற்சியும்: உடல் கடிகாரத்தை நகர்த்த ஒரு முழுமையான வழிகாட்டி

நீண்ட விமானப் பயணம் முடிந்த மறுநாள் காலையில் எழுந்து ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். நானும் அதை நம்பினேன். கிழக்குத் திசையில் 8 மணி நேர வித்தியாசமுள்ள ஒரு ஊருக்குப் போனபோது, முதல் நாளிலிருந்தே காலை 6 மணிக்கு ஷூவை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் ஓடினேன். நான்கு நாள் ஆகியும் இரவு 3 மணி வரை தூக்கம் வரவில்லை. பகலில் கண் சொக்கியது. ஓடியதில் தவறில்லை, ஓடிய நேரம்தான் தவறு. சுவர்க் கடிகாரம் காலை 6 என்று காட்டியபோது என் உடலுக்கு மணி முந்தைய இரவு 10. அந்த நேரத்தில் செய்யும் பயிற்சி உடல் கடிகாரத்தை இன்னும் தாமதமாக்கும். எனக்கோ அது முன்கூட்டி ஓட வேண்டியிருந்தது.

நேர மாற்றத்துக்குப் பழக உடற்பயிற்சி உண்மையிலேயே உதவும். ஆனால் எவ்வளவு செய்கிறோம் என்பதைவிட எப்போது செய்கிறோம் என்பதுதான் முக்கியம். அந்த "எப்போது" என்பதை எப்படிக் கணக்கிடுவது என்று படிப்படியாகப் பார்ப்போம். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில், உள்ளே ஓடும் கடிகாரம்

மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். தூக்கம், உடல் வெப்பம், இரவானதைச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு, பசி ஆகியவற்றின் தாளத்தை ஒழுங்குபடுத்துவது அதன் வேலை. வெளிச்சமே இல்லாவிட்டாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். 1962-ல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கடிகாரம் இல்லாமல் ஒரு குகைக்குள் இரண்டு மாதம் தனியாக இருந்தார். வெளியே வந்தபோது நாள்கணக்கில் கிட்டத்தட்ட மூன்றரை வாரம் பின்தங்கியிருந்தார். ஆனாலும் அவர் உடல் ஏறக்குறைய ஒரு நாள் சுழற்சியிலேயே தூங்கி விழித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சுழற்சி துல்லியமாக 24 மணி நேரம் அல்ல. பெரும்பாலானவர்களுக்குச் சராசரியாக அதைவிடப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூடுதல். அதாவது நம் உடல் இயல்பாகவே சற்றுத் தாமதமாகும் குணம் கொண்டது. மேற்கே பயணம் செய்தால் நாள் நீள்கிறது, கடிகாரம் தாமதமாக வேண்டும். அது உடலுக்கு எளிது. கிழக்கே போனால் கடிகாரம் முன்கூட்டி நகர வேண்டும், அது கடினம். பொதுவாக மேற்கே ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரமும், கிழக்கே ஒரு மணி நேரமும் நகரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. கல்லீரல், குடல், தசை என ஒவ்வொரு உறுப்பின் செல்களுக்குள்ளும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. செல்லுக்குள் ஓடும் இந்தக் கடிகாரத்தின் மரபணு இயக்கத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நேரம் திடீரென்று மாறும்போது இவை எல்லாம் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. தலை ஒரு நேரத்தில், வயிறு ஒரு நேரத்தில், தசை வேறொரு நேரத்தில் நிற்கும். ஜெட் லேக், அதாவது நேர மண்டலங்களைக் கடந்த பயணத்துக்குப் பின் வரும் தடுமாற்றம், வெறும் தூக்கக் குறைவு மட்டும் அல்ல என்பதற்கு இதுதான் காரணம். தலைமைக் கடிகாரத்துக்கு வெளிச்சம்தான் முதல் செய்தி. உடற்பயிற்சி தசைகளின் கடிகாரத்தோடு நேரடியாகப் பேசுகிறது, தலைமைக் கடிகாரத்தையும் ஓரளவு அசைக்கிறது. வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் அதன் பலம் குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டையும் ஒரே திசையில் பயன்படுத்தினால் பலன் தெளிவாகத் தெரியும்.

பயிற்சி எந்த நேரத்தில் எந்தப் பக்கம் தள்ளும்?

விலங்குகளில் இது முன்பே தெரிந்த விஷயம். 1987-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒளி–இருள் நேரத்தை 8 மணி நேரம் முன்னுக்கு நகர்த்திய பிறகு வெள்ளெலிகளைச் சரியான வேளையில் 3 மணி நேரம் சக்கரத்தில் ஓடவைத்தார்கள். ஓடாதவற்றைவிட அவை மிக விரைவில் புதிய நேரத்துக்குப் பழகின.

மனிதர்களில் இதைத் தெளிவாக வரைந்து காட்டிய ஆய்வு 2019-ல் வெளியானது. 101 பேரை நாளின் எட்டு வெவ்வேறு நேரங்களில், மூன்று நாள் தொடர்ந்து, டிரெட்மில்லில் ஒரு மணி நேரம் மிதமான வேகத்தில் நடக்கவோ ஓடவோ வைத்தார்கள். காலை 7 மணிக்கும், பிற்பகல் 1 முதல் 4 மணிக்குள்ளும் செய்த பயிற்சி கடிகாரத்தை முன்கூட்டி நகர்த்தியது. இரவு 7 முதல் 10 மணிக்குள் செய்த பயிற்சி அதைத் தாமதமாக்கியது. காலை 10 மணிக்கும், நள்ளிரவு தாண்டி 1 முதல் 4 மணி வரையிலும் செய்த பயிற்சியால் பெரிய மாற்றம் ஏதும் இல்லை.

இந்த நேரங்களை எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் கணக்கெல்லாம் இதிலிருந்துதான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இந்த நேரங்கள் எல்லாம் உடலின் நேரம். பயணம் செய்தவருக்கு அது, முதல் நாளில், புறப்பட்ட ஊரின் நேரம்.

படி 1: உங்கள் அடிப்புள்ளியைக் கண்டுபிடியுங்கள்

உடல் வெப்பம் ஒரு நாளில் ஏறி இறங்கும். பின்மதியத்திலிருந்து மாலைக்குள் உச்சத்தில் இருக்கும். விடியற்காலையில், வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு, மிகத் தாழ்வாக இருக்கும். அந்தத் தாழ்ந்த நேரத்தை இங்கே அடிப்புள்ளி என்று சொல்கிறேன். அலாரம் இல்லாமல் நீங்கள் 6.30-க்கு விழிப்பவர் என்றால் உங்கள் அடிப்புள்ளி சுமார் 4 மணி. 8 மணிக்கு விழிப்பவருக்கு 5.30. விடுமுறை நாட்களில் இயல்பாக விழிக்கும் நேரத்தை எடுத்துக்கொள்வது நல்லது, அலாரம் எழுப்பும் நேரம் உடலின் நேரத்தைக் காட்டாது.

அடிப்புள்ளிக்கு முந்தைய சில மணி நேரத்தில் கண்ணில் படும் பிரகாசமான வெளிச்சம் கடிகாரத்தைத் தாமதமாக்கும். அதைத் தாண்டிய சில மணி நேரத்தில் படும் வெளிச்சம் முன்கூட்டி நகர்த்தும். பயிற்சிக்கும் வெளிச்சத்துக்கும் இடையே முரண் வராமல் பார்த்துக்கொள்ள இந்த ஒரு புள்ளி போதும்.

படி 2: அதைப் புதிய ஊரின் நேரத்துக்கு மாற்றுங்கள்

கிழக்கே போனால் வித்தியாசத்தைக் கூட்டுங்கள், மேற்கே போனால் கழியுங்கள். அடிப்புள்ளி 4 மணி, பயணம் கிழக்கே 8 மணி நேரம் என்றால், புதிய ஊரில் முதல் நாள் உங்கள் அடிப்புள்ளி நண்பகல் 12. அதே பயணம் மேற்கே என்றால் இரவு 8. சாப்பாட்டு வேளையிலோ ஒரு கூட்டத்தின் நடுவிலோ உடல் சட்டென்று சரிவதற்கும் குளிர்வது போலத் தோன்றுவதற்கும் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

படி 3: எந்தத் திசையில் நகர்வது என்று முடிவு செய்யுங்கள்

மேற்கே போனால் தாமதமாக்குவதுதான் வழி, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. கிழக்கே 8 மணி நேரம் வரை என்றால் முன்கூட்டி நகர்த்தலாம். 9, 10-ஐத் தாண்டினால், கிழக்கே போயிருந்தாலும் தாமதமாக்கும் வழியிலேயே சுற்றிப் போய்ச் சேர்வது பலருக்கு எளிதாக இருக்கும்.

இரண்டு மூன்று நாள் மட்டுமே தங்கப் போகிறீர்கள் என்றால் கடிகாரத்தை நகர்த்தவே வேண்டாம். பழகி முடிப்பதற்குள் திரும்ப வேண்டியிருக்கும். அப்போது பயிற்சியை விழிப்புக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: முக்கியமான வேலைக்கு முன் 10, 15 நிமிடம் வேகமாக நடந்தால் தெளிவு வரும்.

படி 4: புறப்படும் முன் மூன்று நாள்

கிழக்கே போகிறவர்கள் மூன்று நாள் முன்பிருந்தே தினமும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்கூட்டித் தூங்கி, முன்கூட்டி விழித்து, விழித்தவுடன் வெளியே போய்ப் பயிற்சி செய்யலாம். முதல் நாள் 7 மணி, அடுத்த நாள் 6.30, மூன்றாம் நாள் 6 என்று நகருங்கள். எடுத்த எடுப்பில் 4 மணிக்கு எழுந்து ஓடாதீர்கள், அது அடிப்புள்ளிக்கே போய் நிற்கும். மேற்கே போகிறவர்கள் இரவு 7 மணியை ஒட்டிப் பயிற்சி செய்து, படுக்கையைத் தினமும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடலாம்.

விமானத்துக்குள் செய்யும் அசைவுகள் கடிகாரத்தை நகர்த்தப் போவதில்லை. ஆனாலும் மணிக்கொருமுறை எழுந்து நடங்கள், உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்காரும் பயணங்களில் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது.

படி 5: கிழக்கே போய் இறங்கியபின்

அதே 8 மணி நேர உதாரணத்தையே தொடர்வோம். பழைய ஊரின் காலை 7 மணி இங்கே பிற்பகல் 3. முதல் நாள் பயிற்சிக்குச் சரியான நேரம் அதுதான். அடிப்புள்ளியான 12 மணியைத் தாண்டிவிட்டதால் அந்த நேரத்து வெயிலும் உங்களை முன்கூட்டியே நகர்த்தும். இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன. அதனால் முடிந்தவரை வெளியே செய்யுங்கள். மேகமூட்டமான நாளிலும் வெளி வெளிச்சம் அறை விளக்கைப் போலப் பல மடங்கு இருக்கும். ஜன்னல் இல்லாத ஜிம்மில் ஒரு மணி நேரம் ஓடுவதைவிடத் திறந்த வெளியில் 40 நிமிடம் நடப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அன்று காலை 12 மணி வரை வெளிச்சத்திலிருந்து ஒதுங்கியிருங்கள். வெளியே போக வேண்டியிருந்தால் கருப்புக் கண்ணாடி அணியுங்கள். குறிப்பாக அதிகாலைப் பயிற்சி வேண்டாம். விடியற்காலை 3 முதல் 6 மணி என்பது உங்கள் உடலின் இரவு 7 முதல் 10, அதாவது தாமதமாக்கும் நேரம். நான் செய்த தவறு அங்கேதான்.

அப்புறம் தினமும் ஒரு மணி நேரம் முன்னே கொண்டுவாருங்கள். இரண்டாம் நாள் 2 மணி, மூன்றாம் நாள் 1 மணி, நான்காம் நாள் நண்பகல். வெளிச்சத்தைத் தவிர்க்கும் எல்லையும் கூடவே 11, 10, 9 என்று குறையும். இப்படியே போனால் ஒன்பதாம் நாள் வாக்கில் பயிற்சி காலை 7 மணிக்கு வந்து நிற்கும். அப்போது அந்த ஊரின் காலை உங்கள் உடலுக்கும் காலையாகியிருக்கும்.

பழைய ஊரின் பிற்பகல் 1 முதல் 4 மணியும் முன்கூட்டி நகர்த்தும் நேரம்தானே என்று கேட்கலாம். இங்கே அது இரவு 9 முதல் 12. தூங்க வேண்டிய நேரத்தில் ஓடி இருக்கிற கொஞ்சம் தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம், விட்டுவிடுங்கள்.

வித்தியாசம் 3 மணி நேரம்தான் என்றால் இவ்வளவு கணக்கு தேவையில்லை. முதல் நாள் காலை 10 மணிக்குத் தொடங்கி, நான்காம் நாள் 7 மணிக்கு வந்துவிடுங்கள்.

படி 6: மேற்கே போய் இறங்கியபின்

இப்போது 8 மணி நேரம் மேற்கே. பழைய ஊரின் இரவு 7 முதல் 10 மணி இங்கே காலை 11 முதல் பிற்பகல் 2. முதல் நாள் நண்பகல் 12 மணிக்குப் பயிற்சி வையுங்கள். அதன்பின் சூரியன் சாயும் வரை வெளியிலேயே இருக்கப் பாருங்கள், அந்த வெளிச்சம் எல்லாம் தாமதமாக்கும் பக்கம்தான். இரவு 8 மணி அடிப்புள்ளி என்பதால் அதற்குப் பிறகு விளக்குகளைத் தணித்துவிடலாம். அடுத்தடுத்த நாட்களில் பயிற்சியை ஒரு மணி, ஒன்றேகால் மணி நேரம் தள்ளிக்கொண்டே போங்கள். ஆறாம் நாளில் மாலை 6 மணிக்கு வந்திருப்பீர்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மேற்கே போனவர்களுக்கு விடியற்காலை 3, 4 மணிக்கே விழிப்பு வந்துவிடும். சும்மா படுத்திருப்பதற்கு ஓடிவிட்டு வரலாமே என்று தோன்றும். ஆனால் அங்கே காலை 5 முதல் 8 மணி என்பது உடலுக்குப் பிற்பகல் 1 முதல் 4. பயிற்சி முன்கூட்டி நகர்த்தும் நேரம் அது, உங்களுக்கு வேண்டியதோ நேர்மாறு. அந்த வேளையில் மெதுவாக உடலை நீட்டி மடக்குங்கள், ஏதாவது படியுங்கள், வியர்க்கும் அளவுக்குப் போக வேண்டாம். ஆக, நீண்ட பயணத்துக்குப் பின் வழக்கமாகச் சொல்லப்படும் அதிகாலை ஓட்டம் முதல் சில நாட்களுக்கு இரண்டு திசையிலுமே பொருந்தாது.

எவ்வளவு, எப்படி?

மிதமான அளவு போதும். பேச முடியும், பாட முடியாது என்ற அளவில் மூச்சு வாங்கினால் அதுதான் மிதம். வேக நடை, மெதுவோட்டம், சைக்கிள், நீச்சல் எதுவானாலும் 30 முதல் 60 நிமிடம். முதல் இரண்டு நாள் பாதி அளவே செய்யுங்கள். அடிப்புள்ளியை ஒட்டிய நேரத்தில் உடல் விறைப்பாகவும் கை கால் ஒத்துழைப்பு குறைவாகவும் இருக்கும், கனமான எடை தூக்கவோ புதிய அசைவுகளை முயலவோ அது நேரமல்ல. வார்ம்-அப்பை இரட்டிப்பாக்குங்கள். கடும் பயிற்சியைப் படுக்கைக்குக் குறைந்தது ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள்.

காபியைப் பற்றியும் ஒரு சொல். பயிற்சிக்கு முன் குடிக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. படுக்கைக்கு 3 மணி நேரம் முன் எடுக்கும் காஃபீன் கடிகாரத்தையே சுமார் 40 நிமிடம் தாமதமாக்கியதாக 2015-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கிழக்கே போனவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே பலன் கிடைக்காது. 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், இரவு ஆந்தைகள் எனப்படும் தாமதமாகத் தூங்கும் இயல்புடையவர்களுக்குக் காலைப் பயிற்சி, மாலைப் பயிற்சி இரண்டுமே கடிகாரத்தை முன்கூட்டி நகர்த்தின. சீக்கிரம் தூங்கும் இயல்புடையவர்களுக்கோ மாலைப் பயிற்சி தாமதத்தையே தந்தது. நீங்கள் எந்த வகை என்று தெரிந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால், முன்கூட்டி நகர வேண்டியவர்கள் மாலை நேரத்தைவிட உடலின் காலை 7 மணியை நம்புங்கள்.

விமானம் ஏறாமலே நேரம் மாறுகிறவர்கள்

இரவு ஷிப்டில் வேலை செய்கிறவர்களை இந்த விஷயத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம் தருவது. பயணி ஒரு வாரத்தில் மீண்டுவிடுகிறார், ஷிப்ட் பணியாளர் ஆண்டுக்கணக்கில் இதில் இருக்கிறார்.

தொடர்ந்து பல இரவுகள் ஷிப்ட் இருந்தால் அடிப்புள்ளியைப் பகல் தூக்கத்துக்குள் தள்ள வேண்டும், அதாவது தாமதமாக்க வேண்டும். வேலைக்குக் கிளம்பும் முன் இரவு 7 மணியை ஒட்டிப் பயிற்சி செய்யுங்கள். வேலையின் முதல் பாதியில் நல்ல வெளிச்சத்தில் இருங்கள், மணிக்கொருமுறை சில நிமிடம் படி ஏறி இறங்குங்கள். 1990-களில் நடந்த ஓர் ஆய்வில் ஷிப்ட் நேரத்துக்குள் மணிக்கு 15 நிமிடம் சைக்கிள் மிதித்தவர்களில், மிதிக்காதவர்களைவிட அதிகம் பேருக்குக் கடிகாரம் நன்றாக நகர்ந்தது. காலையில் வேலை முடிந்ததும் நேரே ஜிம்முக்குப் போகும் பழக்கம் வேண்டாம். அந்த நேரத்துப் பயிற்சியும் வெயிலும் சேர்ந்து உங்களைப் பகல் மனிதராக மாற்றப் பார்க்கும். கருப்புக் கண்ணாடியோடு வீடு திரும்பி இருட்டான அறையில் தூங்குங்கள். ஆனால் கண்ணாடி அணிந்து தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டாதீர்கள்.

ஓரிரு இரவு மட்டும் வந்து போகும் ஷிப்ட் என்றால் நகர்த்த முயலாதீர்கள். வேலைக்கு முன் ஒரு குட்டித் தூக்கமும், இடைவேளையில் வேக நடையும் போதும்.

வார நாளில் 6 மணிக்கு எழுந்து விடுமுறையில் 10 மணி வரை தூங்குகிறவர்கள் வாராவாரம் ஒரு சிறு ஜெட் லேக்கை உண்டாக்கிக்கொள்கிறார்கள். விடுமுறை நாளிலும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாமல் எழுந்து வெளியே நடந்தால் வாரத் தொடக்கத்தின் மந்தம் குறையும். கோடைக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் இடங்களில், நான்கு நாள் முன்பிருந்தே காலைப் பயிற்சியைத் தினம் 15 நிமிடம் முன்னே கொண்டுவந்தால் அந்த மாற்றம் உறைக்காது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள், இதய நோய் உள்ளவர்கள், இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருந்தின் நேரத்தையும் பயிற்சியின் நேரத்தையும் சேர்த்தே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மெலடோனின் மாத்திரையையும் அப்படித்தான். அதற்கும் சரியான நேரம் உண்டு, தவறான நேரத்தில் எடுத்தால் எதிர்ப்பக்கம் தள்ளும். நீண்ட பயணத்துக்குப் பின் ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ, திடீர் மூச்சுத்திணறலோ வந்தால் பயிற்சியை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

திரும்பும்போது

பழகிவிட்டோமா என்பதை எப்படி அறிவது? அலாரம் இல்லாமல் விழிக்கும் நேரத்தையும், உண்மையில் பசிக்கும் நேரத்தையும் தினமும் குறித்து வையுங்கள். கணக்குப்படி ஒரு மணி நேரம் நகரவில்லை என்றால் அடுத்த நாள் பயிற்சியை அதே நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவசரப்பட்டு முன்னே ஓட வேண்டாம். வீடு திரும்பும் நாளில் இந்தக் குறிப்பேடு மிகவும் பயன்படும். முழுதாகப் பழகியிருந்தால் புதிய ஊரில் கடைசியாக விழித்த நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பை அடிப்புள்ளியாக எடுத்து, திசையை மட்டும் மாற்றிக் கணக்கைப் புதிதாகப் போடுங்கள். நடுவழியில் திரும்புகிறீர்கள் என்றால், உதாரணமாக 8 மணி நேரத்தில் 4 மட்டுமே நகர்ந்திருந்தால், மீதமிருப்பதும் 4 மணி நேரத் திருத்தம் மட்டுமே. கிழக்கே போய்விட்டு அப்படித் திரும்புகிறவருக்குப் பாதி நகர்ந்த அந்த அடிப்புள்ளி வீட்டில் நள்ளிரவு 12-ல் இருக்கும். உடலின் இரவு 7 முதல் 10 மணி என்பது வீட்டில் பிற்பகல் 3 முதல் மாலை 6. முதல் நாள் மாலை 4 மணிக்கு வெளியே நடக்கப் போங்கள்.